நூற்கும் பெண்களும் அராக்னேயின் தறியும்

நுழையும்முன்

கதை தெரிந்தவர் ஓர் ஓவியத்தில் காண்பது ஒன்று; கதை தெரியாதவர் காண்பது வேறொன்று. ஸ்பெயின் நாட்டு ஓவியர் வெலாஸ்குவெஸ் தீட்டிய ஓர் ஓவியம் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் தன் கதையை வெளிக்காட்டாமல் இருந்தது. கதை வெளிப்பட்ட பின்னரோ, அதுவரை எல்லாரும் கண்டு வியந்த ஒன்று மங்கத் தொடங்கியது. அவ்வோவியத்தை எவ்வாறு காண்பது என்பது பற்றிய ஒரு கருத்தை இக்கட்டுரை முன்வைக்கிறது.

முன்னறையும் உள்ளறையும்

ஸ்பெயினின் தலைநகரமாகிய மாட்ரிட்டில் பிராடோ அருங்காட்சியகம் உள்ளது. 1819ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அங்கே, ‘நூற்கும் பெண்கள்’ என்று பொருள்படும் ஸ்பானியப் பெயருடன் ஓர் ஓவியம் வைக்கப்பட்டிருக்கிறது. அந்நாட்டு அரசவை ஓவியர் தியேகோ வெலாஸ்குவெஸ் (1599 – 1660), தம் வாழ்நாளின் இறுதி ஆண்டுகளில், 1655க்கும் 1660க்கும் இடைப்பட்ட காலத்தில் தீட்டியது அது.

ஓவியத்தின் முன்பகுதி அரையிருள் சூழ்ந்த ஒரு வேலைக்கூடம். அதில் ஐந்து பெண்கள். இடப்பக்கத்தில், தலையில் வெண்துணி கட்டிய முதியவள் ஒருத்தி இராட்டையில் கம்பளி நூற்கிறாள். அவளருகே ஒருத்தி செந்நிறத் திரையை விலக்கியவாறு குனிந்து ஏதோ பேசுகிறாள். நடுவில் ஒருத்தி தரையில் அமர்ந்து, சிதறிக் கிடக்கும் கம்பளியைக் கையால் திரட்டுகிறாள். வலப்பக்கத்தில் வெள்ளை மேற்சட்டை அணிந்த இளம்பெண் நமக்கு முதுகு காட்டி அமர்ந்து, சுழல்சட்டத்தில் மாட்டிய சிட்டத்திலிருந்து நூலை இழுத்து உருண்டையாகச் சுற்றுகிறாள். அவளுக்கு உதவியாக வந்து நிற்கிறாள் ஒரு சிறுமி. சுவரில் ஓர் ஏணி சாய்ந்திருக்கிறது. தரையில் ஒரு பூனை இருக்கிறது. வேலை நடக்கும் இடத்தில் பூனைக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். நூலுருண்டை இருக்கும் இடத்தைப் பூனை விட்டுவைக்குமா?

இராட்டையைச் சற்று உற்றுநோக்க வேண்டும். அதன் சக்கரத்துக்கு ஆரக்கால்கள் வரையப்படவில்லை. விரைந்து சுழலும் சக்கரத்தில் கண்ணுக்கு ஆரக்கால்கள் புலப்படா. ஒளியின் மெல்லிய வட்டங்களே புலப்படும். வெலாஸ்குவெஸ் அவ்வொளி வட்டங்களை மட்டும் தீட்டினார். சக்கரத்துக்கு ஆரக்கால் உண்டு என்பது அறிவு. சுழலும்போது அது தெரிவதில்லை என்பது காட்சி. அறிந்ததை விடுத்துக் கண்டதை வரைந்த துணிவு, புகைப்படக்கருவி தோன்றுவதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முற்பட்டது.

இவ்வேலைக்கூடத்துக்கு அப்பால், படியேறிச் செல்லும் சிறிய உள்ளறை ஒன்று தெரிகிறது. அங்கே ஒளி வெள்ளமாகப் பாய்கிறது. உயர்குடி உடை அணிந்த மூன்று பெண்கள் நிற்கிறார்கள். பெரிய நரம்பிசைக் கருவி ஒன்று சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. சுவரில் ஒரு சித்திரத் திரைச்சீலை தொங்குகிறது. அதன் முன்னே தலைக்கவசம் அணிந்த ஒருத்தி கையை உயர்த்தி நிற்க, எதிரே மற்றொருத்தி நிற்கிறாள்.

பெயர் மாறிய கதை

நெடுங்காலம் இவ்வோவியத்தை மாட்ரிட் நகரத்துத் திரைச்சீலைத் தொழிற்கூடம் ஒன்றின் காட்சி என்றே மக்கள் கருதினர். உள்ளறைப் பெண்கள், துணி வாங்க வந்த சீமாட்டிகள் என்று கொள்ளப்பட்டனர். தொழிலாளர் வாழ்வை இவ்வளவு பெரிய அளவில் தீட்டிய முன்னோடி ஓவியம் எனப் பத்தொன்பதாம் நூற்றாண்டினர் இதைப் போற்றினர்.

1948ஆம் ஆண்டு இக்கருத்து அசைந்தது. கலை வரலாற்று அறிஞர் தியேகோ அங்குலோ, இவ்வோவியம் கிரேக்கத் தொன்மம் ஒன்றைச் சொல்கிறது என்று எழுதினார். அதே காலத்தில் மரியா லூயிசா கத்தூர்லா என்னும் ஆய்வாளர் பழைய ஆவணம் ஒன்றை வெளிக்கொணர்ந்தார். அரண்மனைத் தொடர்புடைய பேத்ரோ தெ ஆர்சே என்பவரின் உடைமைகளுக்கு 1664இல் எழுதப்பட்ட பட்டியல் அது. வெலாஸ்குவெஸ் இறந்து நான்கே ஆண்டுகளில் எழுதப்பட்ட அப்பட்டியலில் இவ்வோவியம் ‘அராக்னேயின் கதை’ என்று குறிக்கப்பட்டிருந்தது. தலைக்கவசம் அணிந்தவள் சீமாட்டி அல்லள். அறிவுக்கும் கைத்திறனுக்கும் தெய்வமாகிய அதீனா. எதிரே நிற்பவள் அராக்னே.

விலங்கியல் பாடத்தில் சிலந்தியும் தேளும் ‘அராக்னிடா’ என்னும் வகுப்பில் அடங்குவதைப் படித்திருப்பீர்கள். அச்சொல்லின் வேர் இப்பெண்ணின் பெயரே.

ஓவிட் சொன்ன கதை

இக்கதையை விரிவாகப் பாடியவர் ரோமானியக் கவிஞர் ஓவிட். அவருடைய ‘உருமாற்றங்கள்’ என்னும் பெருநூலின் ஆறாம் பகுதி இக்கதையோடு தொடங்குகிறது. லிடியா நாட்டில் கம்பளிக்குச் சாயம் தோய்க்கும் எளிய தொழிலாளியின் மகள் அராக்னே. குலத்தாலோ ஊராலோ அவளுக்குப் பெருமை இல்லை. நெசவுத்திறன் ஒன்றினாலேயே நகரங்கள்தோறும் பெயர் பெற்றாள். மலைகளிலும் ஆறுகளிலும் வாழும் தேவமகளிர்கூடத் தம் இருப்பிடம் விட்டு அவள் நெய்வதைக் காண வந்தனர். நெய்து முடித்த துணியைக் காண்பதில் மட்டுமன்று, நெய்யும்போது அவளைக் காண்பதிலும் அவர்கள் இன்புற்றனர் என்கிறார் ஓவிட். கம்பளியை உருண்டையாகத் திரட்டுவது, விரலால் பிரித்து மென்மையாக்குவது, நீள இழையாக இழுப்பது, கட்டைவிரலால் கதிரைச் சுழற்றுவது என்று அவள் வேலையின் ஒவ்வொரு நிலையையும் கவிஞர் நின்று வருணிக்கிறார்.

இவளுக்குக் கற்பித்தவள் அதீனாவாகத்தான் இருக்க வேண்டும் என்று கண்டோர் கூறினர். அராக்னே அதை மறுத்தாள். “தெய்வம் வேண்டுமானால் என்னோடு போட்டியிடட்டும்” என்றாள். அதீனா நரைத்த கிழவி வடிவில் கோலூன்றி வந்து, பணிந்து மன்னிப்புக் கேட்குமாறு அறிவுரை கூறினாள். அராக்னே கேட்கவில்லை. கிழவி வேடம் கலைந்தது, போட்டி தொடங்கியது.

இரு தறிகளிலும் பாவு விரிக்கப்பட்டது, ஊடை ஓடியது. ஏதென்ஸ் நகரம் யாருக்கு உரியது என்னும் வழக்கில் தான் வென்ற காட்சியை அதீனா நெய்தாள். நான்கு மூலைகளிலும், தெய்வங்களை எதிர்த்துத் தண்டனை பெற்ற மானிடரைச் சிறுசிறு சித்திரங்களாக அமைத்தாள். அராக்னே நெய்ததோ தெய்வங்களின் குற்றப்பட்டியல். சீயஸ் காளை வடிவெடுத்து யூரோப்பாவைக் கடலில் சுமந்து சென்றது முதலாக, வேடம் பூண்டு பெண்களை ஏமாற்றிய தெய்வங்களை ஒவ்வொருவராக நெய்து நிறுத்தினாள்.

முடிவு என்ன? அத்துணியில் அதீனாவாலும் குற்றம் காண இயலவில்லை. பொறாமையே உருவெடுத்து வந்திருந்தாலும் இயன்றிராது. சினம் மூண்ட அதீனா அத்துணியைக் கிழித்தெறிந்தாள். கையிலிருந்த நாடாவால் அராக்னேயின் நெற்றியில் மும்முறை, நான்குமுறை அடித்தாள். அவமானம் பொறாது அராக்னே கழுத்தில் சுருக்கிட்டுக்கொண்டாள். பின்னர் இரங்கிய தெய்வம், அவள் தொங்கியபடியே வாழட்டும் என்று மூலிகைச்சாறு தெளித்துச் சிலந்தியாக்கிற்று.

‘செருக்குற்றவர் வீழ்வர்’ என்னும் நீதியைச் சொல்லவே இக்கதை பெரும்பாலும் எடுத்துக்காட்டப்படுகிறது. நானும் பல ஆண்டுகள் வகுப்பறையில் அவ்வாறே சொல்லி வந்தேன். கற்பித்தவரை மறுத்தவள் கெட்டாள் என்னும் நீதியில் ஓர் ஆசிரியருக்கு மனநிறைவு இருக்கத்தானே செய்யும்! ஒருமுறை, கதையைச் சொல்லி முடித்தபின் மாணவி ஒருத்தி எழுந்து, “ஐயா, போட்டியில் தோற்றது யார்?” என்று கேட்டாள். விடை சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். அவள் கேட்டது தண்டனை பெற்றவர் யார் என்பதன்று. போட்டியில் தோற்றவர் யார் என்பது. இரண்டும் ஒன்றென்று எண்ணியே அதுவரை பாடம் நடத்தியிருந்தேன்.

அராக்னே பணிவில்லாதவள் என்பதில் ஐயமில்லை. மூதாட்டியாக வந்தவளிடம் அவள் பேசிய பேச்சு கடுமையானதே. ஆனால் அவள் அடிபட்டது பணிவின்மைக்காக மட்டும் என்று கொள்ள ஓவிட் இடம் தரவில்லை. துணியில் குறை இருந்திருப்பின் கிழிக்க வேண்டிய தேவை இல்லை. குறையைச் சுட்டினாலே போதுமானது.

ரூபென்ஸ் காட்டிய அடியும் வெலாஸ்குவெஸ் நிறுத்திய கையும்

இதே கதையை வெலாஸ்குவெஸுக்கு முன்பே, பிளாண்டர்ஸ் நாட்டுப் பெரும் ஓவியர் ரூபென்ஸ் தீட்டினார். ஸ்பெயின் மன்னரின் வேட்டை மாளிகைக்காக 1636 – 37இல் அவர் எழுதிய முன்வரைவு இன்று அமெரிக்காவின் வர்ஜீனியா அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் அராக்னே தரையில் வீழ்ந்து கிடக்கிறாள். அதீனா நாடாவை ஓங்கி அடிக்க முனைகிறாள். வெலாஸ்குவெஸ் அதை அறியாதவர் அல்லர். அவருடைய புகழ்பெற்ற ‘அரசவைத் தோழியர்’ ஓவியத்தில், பின்சுவரின் இருளில் தொங்கும் இரு பெரிய படங்களுள் ஒன்று, ரூபென்ஸின் அந்த அராக்னே ஓவியத்தைப் பார்த்து எழுதிய படியே.

அடிக்கும் காட்சி கண்முன் இருந்தும் வெலாஸ்குவெஸ் அதைத் தொடவில்லை. அவருடைய அதீனா கையை உயர்த்துகிறாள், கை கீழிறங்கவில்லை. அராக்னே வீழவில்லை, நிமிர்ந்து தன் படைப்பின் முன் நிற்கிறாள். சிலந்தி எங்கும் இல்லை. திரைச்சீலையும் கிழிபடாமல் முழுமையாகத் தொங்குகிறது. கதை தெரிந்தவருக்கு அடுத்த நொடி என்ன நிகழும் என்பது தெரியும். அந்த அடுத்த நொடியை நிகழவிடாமல், முந்நூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தடுத்து வைத்திருக்கிறார் ஓவியர். இதை நான் தற்செயல் என்று கருதவில்லை. ஒரு தீர்ப்பு என்றே கருதுகிறேன்.

அத்தீர்ப்புக்குச் சான்று திரைச்சீலையிலேயே இருக்கிறது. அதில் மங்கலாகத் தெரிவது, காளையின் முதுகில் யூரோப்பா செல்லும் காட்சி. வெலாஸ்குவெஸ் அதைப் புதிதாகக் கற்பனை செய்யவில்லை. வெனிஸ் நகரத்து ஓவியர் டிஷன், ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்புக்காக எழுதி 1562இல் நிறைவு செய்த ‘யூரோப்பா’ ஓவியத்தை அவ்வாறே எடுத்தாண்டிருக்கிறார். அது அக்காலத்தில் மாட்ரிட் அரண்மனையில் இருந்தது. இப்போது பாஸ்டன் நகரின் இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் அருங்காட்சியகத்தில் உள்ளது. 1628 – 29இல் மாட்ரிட் வந்திருந்த ரூபென்ஸ் அதைப் பார்த்து ஒரு படி எழுதினார். அப்போது இளைஞராக அரசவையில் இருந்தவர் வெலாஸ்குவெஸ்.

ஓவியர்கள் தலைவணங்கிய டிஷனின் படைப்பை ஒரு சாயத் தொழிலாளி மகளின் தறியில் ஏற்றிவைக்கிறார் வெலாஸ்குவெஸ். அவள் நெய்தது அவர் நெய்ததற்கு இணை என்பதைவிட வேறெவ்வாறு சொல்ல முடியும்? சொல்லாமற் சொல்லும் பாராட்டு அது.

கையால் செய்வது இழிவா?

அக்கால ஸ்பெயினில் ஓவியர் நிலையை அறிந்தால் இப்பாராட்டின் எடை விளங்கும். கவிதையும் இசையும் அறிவுக்கலைகளாக மதிக்கப்பட்டன. ஓவியமோ தச்சு, நெசவு போலக் கைத்தொழில் என்று பலரால் எண்ணப்பட்டது. ஓவியர் தம் படைப்புக்கு விற்பனை வரி கட்ட வேண்டுமா என்பது பற்றி வழக்குகள் நடந்தன. எல் கிரேக்கோ போன்ற பெரும் ஓவியரும் அவ்வழக்கில் சிக்கியவர். கையால் உழைத்துப் பிழைப்பவருக்கு வீரப்பெருமக்கள் அணியில் இடமில்லை என்பது விதி.

வெலாஸ்குவெஸ் அவ்வணிகளுள் ஒன்றாகிய சந்தியாகோ அணியில் சேர விரும்பினார். அவருடைய குலம் பற்றியும் தொழில் பற்றியும் நூற்றுக்கும் மேற்பட்டோரிடம் விசாரணை நடந்தது. அவர் கடைவைத்து ஓவியம் விற்றவர் அல்லர், மன்னருக்காகவே தீட்டினார் என்று நண்பர்கள் சான்று கூறினர். மன்னரின் தலையீட்டோடு 1659இல் அப்பெருமை கிடைத்தது. அடுத்த ஆண்டே அவர் இறந்தார்.

தம் கை உழைப்பை மறைத்தால்தான் மதிப்புக் கிடைக்கும் என்னும் நிலையில் இருந்த அதே ஆண்டுகளில், அதே மனிதர், உழைக்கும் கைகளை ஓவியத்தின் முன்னே கொண்டுவந்து வைத்தார். வலப்பக்கத்து இளம்பெண்ணின் நீட்டிய இடக்கையைப் பாருங்கள். படம் முழுவதிலும் ஒளி மிகுந்து விழும் இடங்களுள் அதுவும் ஒன்று. உள்ளறைத் தெய்வத்தின் கையைவிட அக்கை பெரியது, தெளிவானது.

இரு சாராரும் தவறவிட்டது

1948க்குப் பின்னர் ஆய்வாளர் கவனம் உள்ளறைக்கு மாறியது. முன்னறைப் பெண்களையும் கதைக்குள் இழுத்துக்கொள்ளும் முயற்சி நடந்தது. நூற்கும் கிழவியே மாறுவேடத்து அதீனா, அவளுடைய ஆடை விலகிய கால் இளமைப் பொலிவோடு இருப்பதே சான்று என்றும், முதுகு காட்டி அமர்ந்த இளம்பெண்ணே அராக்னே என்றும் பலர் கூறுகின்றனர். கதையின் முற்பகுதி முன்னறையிலும் பிற்பகுதி உள்ளறையிலும் நிகழ்வதாக அவர்கள் கொள்வர். இக்கருத்து நுட்பமானது, மறுத்துவிடவும் முடியாது. ஆயினும் அது ஒரு விலை கேட்கிறது. கிழவி தெய்வமாகிவிட்டால் அவள் நூற்பது வெறும் வேடமாகிவிடும். சரி, மற்ற மூவர்? திரை விலக்குபவளும் கம்பளி திரட்டுபவளும் துணைக்கு வந்த சிறுமியும் யார் என்னும் கேள்விக்கு அவ்விளக்கத்தில் நிறைவான இடம் இல்லை.

தொழிற்கூடக் காட்சி என்று கண்டவர் கதையைத் தவறவிட்டனர். கதையைக் கண்டவர் தொழிற்கூடத்தை உள்ளறைக்குச் செல்லும் வாயிலாக மட்டும் கருதினர். இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை என்பது என் துணிபு. ஓவிட் நின்று வருணித்த நிலைகளை மீண்டும் நினைத்துப் பாருங்கள்: கம்பளியைத் திரட்டுதல், இழையாக இழுத்தல், சுழற்றுதல், உருண்டையாக்குதல். முன்னறைப் பெண்கள் செய்துகொண்டிருப்பவை இவையே. தேவமகளிர் மலையிறங்கி வந்து கண்டது இந்த வேலையைத்தான். கவிஞர் ஒருத்தியின் கைகளில் வைத்ததை ஓவியர் ஐவர் கைகளுக்குப் பகிர்ந்தளித்தார். ஆகவே முன்னறையும் கதைதான், உள்ளறையும் உழைப்புதான். உள்ளறைத் திரைச்சீலையின் ஒவ்வோர் இழையும் இப்பெண்களின் விரல்கள் வழியாகச் சென்றதே.

இப்படத்தை மாணவர்களுக்கு அறிமுகம் செய்யும் ஆசிரியர்கள் கதையை முதலில் சொல்லிவிட வேண்டாம் என்பது என் வேண்டுகோள். சில நிமிடம் படத்தை மட்டும் காட்டுங்கள். இராட்டையைக் காணட்டும், சிட்டத்தைக் காணட்டும். பிறகு கதையைச் சொல்லுங்கள். முதலிலேயே கதையைச் சொல்லிவிட்டால், எல்லார் கண்ணும் தலைக்கவசத்தைத் தேடி உள்ளே ஓடிவிடும். நான் செய்த பிழை அது.

ஒட்டுப்போட்ட ஓரங்கள்

இவ்வோவியத்துக்கு நேர்ந்த மற்றொன்றையும் சொல்ல வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் யாரோ இதன் மேற்புறத்திலும் பக்கங்களிலும் துணியை ஒட்டிப் பெரிதாக்கினர். மேலே மட்டும் ஏறத்தாழ அரை மீட்டர் கூடியது. வளைவுக் கூரையும் வட்டச் சாளரமும் அப்போது சேர்க்கப்பட்டவை. கூடம் உயரமாயிற்று, பெண்கள் சிறுத்துப்போயினர். உள்ளறையும் எட்டாத் தொலைவுக்குப் போய்விட்டது போலத் தோன்றியது.

2021இல் பிராடோ அருங்காட்சியகத்தார் புதிய சட்டம் ஒன்றை அமைத்தனர். ஒட்டிய பகுதிகளை வெட்டியெறியாமல், அவற்றைச் சட்டத்துக்குப் பின்னே மறையுமாறு செய்தனர். வரலாற்றுச் சான்று என்ற வகையில் அவை காக்கப்பட வேண்டியவையே. கண்ணுக்கு மட்டும் அவை வேண்டியதில்லை. அறிவார்ந்த செயல் என்பேன். இப்போது பார்ப்பவருக்கு அப்பெண்கள் அருகில் இருக்கிறார்கள். கையை நீட்டினால் நூல் தட்டுப்படும் அளவுக்கு அருகில்.

நடுவில் தரையில் அமர்ந்து கம்பளி திரட்டும் பெண்ணைப் பற்றி எவரும் மிகுதியாக எழுதுவதில்லை. அவளுக்கு முகம் தீட்டப்படவில்லை. நிழல் படிந்த சில தீற்றல்களே உள்ளன. ஆனால் ஓவியர் அவளை அமர்த்திய இடம் ஒளிமிக்க உள்ளறைக்கு நேர் முன்னே இருக்கிறது. அராக்னேயைக் காண விரும்புபவர் எவராயினும் அவளுடைய குனிந்த தலையைக் கடந்துதான் பார்க்க வேண்டும். உள்ளறையின் மூன்று சீமாட்டிகளுள் இருவர் தெய்வத்தின் பக்கம் இருக்க, ஒருத்தி மட்டும் கழுத்தைத் திருப்பி இந்த முன்னறையை நோக்கிக்கொண்டிருக்கிறாள்.